பள்ளம் கேட்டு வந்தவர்கள்

நல்ல பாதை இருக்க, கெட்ட பாதையைத் தேடிப் போய் அதில் விடுமுறையைக் கழிக்கும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் வேலாயியை உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்கு உங்களைத் தெரியும். உங்கள் ஜீப் சேற்றில் உறுமிக்கொண்டு ஏறியபோது தேயிலைக்குள் ஒதுங்கி நின்று பார்த்தவள் அவள்தான். நீங்கள் கையசைத்தீர்கள். அவள் அசைக்கவில்லை. இரண்டு கையிலும் கொழுந்து.

இலங்கை மலைநாட்டில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, முப்பத்தொரு வருடமாக அங்கேயே கொழுந்து பறிக்கிறாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டாள். அதனாலேயே காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் கண்டாக்கு அவள் பக்கம் பார்க்காமல் பேசப் பழகியிருந்தார். புருஷன் வீரய்யாவுக்கு இரண்டு வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நுவரெலியாவுக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இரண்டாவது தடவையும் தவறினால் மூச்சு முட்டும். ஆஸ்பத்திரி ஒன்றும் தூரமில்லை. அவர்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கும் மூன்று கிலோமீட்டர்தான் தூரம்.

வெள்ளைக்காரன் காலத்தில் கல் பதித்த பாதை அது. அதற்குப் பிறகு அதில் வேலை செய்தது மழை மட்டும். கொழுந்து லொறிக்கு மறுபக்கம் வழி இருப்பதால் தோட்டத்துக்கு அது வேண்டாத பாதை. பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்துப் பாதை என்பார்கள். தோட்டத்து ஆபீஸில் கேட்டால் பொதுப் பாதை என்பார்கள். ராகலையில் ஆட்டோ ஓட்டும் ஹஸ்ஸான் மட்டும்தான் நேராகப் பேசினான்.

“வேலாயி அக்கா, என் ஆட்டோ அடிப்பக்கம் ரெண்டு தடவ கிழிஞ்சிருச்சு. நீங்க பாதைய காட்டுங்க, நான் வாசல்லயே கொண்டாந்து நிப்பாட்டுறேன்.”

ஆக, செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் வீரய்யா விடியுமுன்னே ஒரு தடியை ஊன்றிக்கொண்டு இறங்குவார். பத்தடிக்கு ஒரு தடவை உட்காருவார்.

அப்படியிருக்க, ஒரு நாள் பெரட்டில் கண்டாக்கு சொன்னார். “அடுத்த மாசம் மொத சனிக்கிழம கொழும்புல இருந்து ஜீப்புல ஆளுங்க வாறாங்க. கீழ் பாதைய பாக்கத்தான் வாறாங்க. யாரும் குறுக்க நிக்கக் கூடாது.”

தோட்டத்தில் யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நூறு வருடப் பழக்கம். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், தண்ணீர் ஓடும் கானைத் துப்புரவு செய்வோம், பாதியையாவது செய்து காட்டுவோம். மீதியை அவர்கள் செய்து தருவார்கள் என்று நம்புவோம். எத்தனை தடவை ஏமாந்தாலும் அந்த நம்பிக்கை மட்டும் தேயவில்லை. வேலாயியின் வாயும் அன்றைக்கு ஏன் என்று கேட்க மறந்துவிட்டது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பெண்கள் உரப்பையில் கல் சுமந்தார்கள். பக்கத்து லயத்துக் காளியாயி, முதலில் முனியாண்டிக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம் என்றாள்.

“உடைக்கிற நேரத்துல ரெண்டு கல்லு தூக்கு. முனியாண்டி தூக்கமாட்டாரு” என்றாள் வேலாயி.

பெரிய பள்ளங்கள் அடைபட்டன. செவ்வாய்க்கிழமை ஹஸ்ஸானின் ஆட்டோ முக்கி முனகி லயத்து வாசலுக்கே வந்து நின்றது. வீரய்யா தடியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமையும் அப்படியே.

சனிக்கிழமை ஆறு ஜீப்புகள் வந்தன. பெண்கள் பாதையோரம் நின்றார்கள். முதல் ஜீப்பிலிருந்து இறங்கிய நிரஞ்சன்தான் பயணத்தை ஏற்பாடு செய்தவன். கொழும்புத் தமிழன். குனிந்து கற்களைப் பார்த்தான்.

“அம்மா, இத யாரு செஞ்சது?”

“நாங்கதான் தம்பி. நீங்க பாக்க வாறீங்கன்னு” என்றாள் வேலாயி.

“ஐயோ, இந்தப் பள்ளத்துக்காகத்தானே நாங்க வந்தோம்.”

“அதுக்குத்தாங்க அடைச்சு வச்சிருக்கோம். மீதிய நீங்க தார் போட்டுக் குடுத்தா போதும்.”

“தார் போட நாங்க யாரு? பள்ளத்துல வண்டி ஓட்டத்தான் இவங்க வந்திருக்காங்க. இது ஒரு சாகசம்.”

வேலாயிக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. “விழுறதுக்கா வந்தீங்க?”

“எங்க வீட்டுக்கும் வாங்க தம்பி” என்றாள் காளியாயி. “கூரை ஒழுகும், நாலு பக்கமும் காத்து வரும். ரெண்டு நாள் தங்கிப் பாருங்க, அதுவும் சாகசந்தான்.”

ஜீப்புக்குள் சிரித்தார்கள். நிரஞ்சனும் சிரித்தான், கெட்டவன் இல்லை. ஆனால் போகும் வழியில் ஆபீஸில் இறங்கி, பாதை பயண விளம்பரத்தில் இருந்தது போல இல்லை என்று முறையிட்டுவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை பெக்கோ இயந்திரம் வந்தது. இருபது வருடம் கெஞ்சியும் வராத பெக்கோ. இரண்டு ஞாயிறு சுமந்த கல்லை ஒரு முற்பகலில் தோண்டி ஓரத்தில் கொட்டியது. வேலாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றாள்.

“தள்ளு வேலாயி. தொரை உத்தரவு” என்றார் கண்டாக்கு.

“நாளைக்கு செவ்வாக்கெழமைங்கையா. அவரு எப்படி எறங்குவாரு?”

“நான் என்ன செய்ய? ஜீப்புக்காரங்க இனி வாராவாரம் வாறாங்க. தோட்டத்துக்கு வருமானம்.”

“அந்த ஜீப்பு ஒண்ணுல இவரயும் ஏத்தச் சொல்லுங்க.”

“அவங்க வாறது சனிக்கிழம.”

வீரய்யாவின் நோய் சனிக்கிழமைக்கு மாறாது. செவ்வாய் விடியலில் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து நான்கு பேர் சுமந்து இறங்கினார்கள். வழுக்கிய இடத்தில் கதிரையின் கால் ஒன்று முறிந்தது. ஒரு மணி நேரம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தார்கள். போனவரைக்கும் நல்லது. மழை பெய்யும் ஒரு செவ்வாயில் போய்ச் சேராமலும் போகலாம்.

மறுநாள், நாட்சம்பளப் பேரை வெட்டினாலும் வெட்டட்டும் என்று வேலைக்குப் போகாமல், லயத்து ஆட்கள் எல்லாரும் கையெழுத்திட்ட கடிதத்தோடு வேலாயி பிரதேச சபைக்குப் போனாள். அங்கிருந்த எழுதுவினைஞர் கடிதத்தை மரியாதையாகத்தான் வாங்கினார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “அக்கே, லயத்து விலாசத்திலிருந்து வரும் கடிதத்தை நாங்கள் திரும்பத் தோட்டத்துக்குத்தான் அனுப்புவோம். பாதையைப் பாவிக்கும், அதில் வந்து போகும் வெளியாட்கள் எழுதினால் கோப்பு திறக்கலாம்.”

அங்கேயே பிறந்து, அதே பாதையில் ஐம்பது வருடம் நடந்தவள் பாவிப்பவள் இல்லை. ஒரு சனிக்கிழமை வந்து போனவர் பாவிப்பவர். இதைச் சொன்னவர் வெட்கப்படவில்லை. சட்டம் அவருக்கும் முன்னாலேயே வெட்கத்தை விட்டிருந்தது.

வேலாயி அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “மேசையிலேயே இருக்கட்டும் மாத்தயா, இன்னும் வரும்” என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வந்தாள்.

வருமா என்பது இனி உங்கள் கையில். மலைநாட்டில் இப்படியொரு பாதையில் நீங்கள் வண்டி ஓட்டியிருந்தால், அந்தப் பகுதிப் பிரதேச சபைக்கு எழுதுங்கள். எந்தத் திகதியில் போனீர்கள், எந்த வளைவில் சக்கரம் புதைந்தது என்று எழுதுங்கள். அந்தப் பாதையில் நோயாளிகளைக் கதிரையில் சுமக்கிறார்கள் என்றும், அதைச் செப்பனிட வேண்டும் என்றும் எழுதுங்கள். தமிழிலோ சிங்களத்திலோ, இன்றைக்கே எழுதுங்கள். உங்கள் வெளியூர் விலாசத்தை மறக்காமல் மேலே போடுங்கள்.