ஆறேகால் மணிச் சத்தம்

எங்கள் சித்தப்பா கல்யாணமான வருஷம் தன் பைக்குக்குத் தன் கையாலேயே ஒரு சைலன்சர் செய்து மாட்டினார். துவாக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் அவருக்கு வேலை. ஊரிலுள்ள தொழிற்சாலைகளுக்கெல்லாம் குழாய் வளைத்துக் கொடுக்கிறவருக்குச் சொந்த வண்டிக்கு ஒன்று வளைப்பதா பெரிய காரியம்? மூன்று ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலேயே கிடந்து, பளபளவென்று நீளமாக ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். கம்பெனி சைலன்சருக்குள் சத்தத்தை அடக்கத் தடுப்புத் தகடுகள் இருக்குமாம். இவர் செய்ததில் அந்த வம்பே இல்லை. இந்தப் பக்கம் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரு தெரிந்தது.

முதல் தடவை கிளப்பியபோது எதிர்வீட்டு மாடியில் வடகம் தின்றுகொண்டிருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. அப்பா வெளியே வந்து, "இதுக்குப் பேரு சைலன்சராடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. உலகத்தில் இதைவிட நல்ல சத்தம் கிடையாது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டி எங்கள் வீடு. சித்தப்பா காவேரிப் பாலத்தில் ஏறும்போதே எனக்குக் கேட்டுவிடும் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். உண்மையில் மாம்பழச் சாலை திரும்பிய பிறகுதான் கேட்கும்.

புதிதாக வந்த சித்திக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். தோசைத் திருப்பியைக் கீழே வைக்க மறந்து, அதோடு பொத்திக்கொண்டு நின்ற நாளும் உண்டு. "இதுல நான் ஏறவே மாட்டேங்க" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள். கோயிலோ கடையோ எங்கே போவதென்றாலும் அவளுக்கு பஸ்தான். சித்தப்பா பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போய், அவள் இறங்குகிற இடத்தில் காத்துக்கொண்டு நிற்பார். காலியாகக் கிடந்த பின் சீட்டில் நான் குடியேறினேன். அதனால் சித்தியின் பிடிவாதத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆடி பிறக்கும் முன் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகத் தென்னூரிலிருந்து சித்தியின் அப்பா வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து, சித்தப்பா வாசலில் வந்து நின்று பைக்கை ஒரு முறுக்கு முறுக்கினார். காபி முழுக்கப் புது வேட்டியில். உள்ளே எட்டிப் பார்த்த சித்தப்பா தன்னை மறந்து சிரித்துவிட்டார். கொட்டிய காபியைச் சித்தியால் மன்னிக்க முடிந்தது. சிரித்ததை மன்னிக்க முடியவில்லை. "அந்தக் குழாய் வண்டியில இருக்கிற வரைக்கும் நான் வரமாட்டேங்க்கா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, சித்தப்பாவின் முகத்தைப் பார்க்காமலே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

ஆடி முழுக்கப் புது மாப்பிள்ளை மாமனார் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்பது எங்கள் இரண்டு குடும்பத்திலும் வழக்கம். நடுவில் பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் அம்மா மண்டபம் படித்துறைக்கு வந்து, காவேரியைக் கும்பிட்டுத் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். அந்தப் பெருக்குக்குச் சித்தி வராவிட்டால் ஆவணி பிறந்தும் வரமாட்டாள் என்று அம்மா அப்பாவிடம் கவலையோடு சொன்னது என் காதில் விழுந்தது. சித்தப்பா, சித்தி இரண்டு பேரிடமும் செல்போன் இருந்தது. யார் முதலில் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல்.

எனக்குத் தென்னூரில் சாயங்காலம் இந்தி வகுப்பு. ஆறு மணிக்கு முடியும். துவாக்குடியிலிருந்து திரும்பும் வழியில் சித்தப்பா வந்து ஏற்றிக்கொள்வார். ஆடி பிறந்ததிலிருந்து அவர் நேராகப் பாலத்துக்குப் போவதில்லை. இரண்டு தெரு தள்ளிச் சித்தியின் வீட்டைச் சுற்றி மூன்று ரவுண்டு அடிப்பார். முனையில் திரும்பும்போதெல்லாம் ஒரு முறுக்கு. கீழே அரிசிக் கடை, மாடியில் அவர்கள் வீடு. "உள்ள போலாமா சித்தப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன். "ஆடில போகக் கூடாது பாப்பா. எஞ்சின் சூடாகணும், அதுக்குத்தான் சுத்துறேன்" என்றார். துவாக்குடியிலிருந்து ஓடி வந்த எஞ்சின் இன்னும் சூடாகவில்லையா என்று நான் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு அதுவே போதும். பாலம் இறங்கினால் போக்குவரத்துப் போலீஸ் நிற்பார். அவர் கண்ணில் படுமுன் எஞ்சினை அணைத்து, என்னை மேலே உட்கார வைத்தபடியே தள்ளிக்கொண்டு போவார் சித்தப்பா. "பெட்ரோல் தீந்துபோச்சு சார்." வாரத்தில் மூன்று நாள் எங்களுக்குப் பெட்ரோல் தீர்ந்தது.

பெருக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பரணிலிருந்து கம்பெனி சைலன்சரை இறக்கினார். நான் அழுது புரண்டேன். "உங்க சித்தி வரணுமா வேணாமா?" என்று அவர் கேட்டதற்கு நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கழற்றிய குழாயைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தார். சித்திக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றாள் அம்மா. "வேணாங்க அண்ணி. நான் சத்தமில்லாம போறது அவளுக்கே தெரியும்" என்றார் சித்தப்பா.

திங்கட்கிழமையிலிருந்து அதே மூன்று ரவுண்டைச் சத்தமில்லாமல் அடித்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வியாழக்கிழமை காலை அம்மாவுக்கு போன் வந்தது. "பெருக்குக்கு நான் வரலைங்க்கா. அவருக்கே வேணாம்னு ஆயிடுச்சு, நான் வந்து என்ன பண்ணப்போறேன்?" என்று சொல்லிவிட்டுச் சித்தி வைத்துவிட்டாள். இதைக் கேட்ட சித்தப்பா வைத்த இட்லியைத் தொடவே இல்லை. அப்படியே வேலைக்குப் போனார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. குழாயும் போய், வருகிறேன் என்றும் சொல்லாவிட்டால் என்ன நியாயம்? அன்றைக்கு வயிற்று வலி என்று சொல்லி இந்தி வகுப்பிலிருந்து முன்னதாகவே கிளம்பி, நேராகச் சித்தியின் வீட்டு மாடிப்படி ஏறினேன். சித்தி பின்கட்டு அறையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும், தெரு தெரியாது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே சண்டையை ஆரம்பித்தேன்.

"உங்களாலதான் சித்தி குழாயைக் கழட்டிட்டாரு!"

"எப்போ?"

"ஞாயித்துக்கிழமை."

சித்தி எழுந்துவிட்டாள். "அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வந்தாரா பாப்பா?"

"தினமும்தான் வரோம். மூணு ரவுண்டு. எஞ்சின் சூடாகணும்ல!"

சித்தி அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். நான் திட்ட வந்தவள், ஒரு வார்த்தைகூடச் சரியாகத் திட்டி முடிக்காத நிலையில் இவள் இப்படிச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. முன்னறையிலிருந்து அவளுடைய அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "அதானே பாத்தேன். ஆறேகாலுக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் இவ சமையக்கட்டுக்கு வந்து காபி போடுவா. நாலு நாளா எனக்குக் காபியே இல்ல."

அப்போது கீழே அரிசிக் கடையில் யாரோ பதறிப்போய்க் கேட்கும் குரல். "ஒம்பது வயசுப் பொண்ணுங்க, ரெட்டைச் சடை, இந்தப் பக்கம் வந்துச்சா?" வகுப்பில் என்னைக் காணாமல் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார் சித்தப்பா. சித்தி மாடிக் கைப்பிடிக்கு ஓடினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். என்னைத் தேடி வந்தவர் என்னைப் பார்க்கவே இல்லை. மாடிப்படியில் கால் வைக்கப் போனவரைச் சித்தியின் அப்பா மேலிருந்து தடுத்தார்.

"மாப்பிள்ளை, ஆடி! படி ஏறாதீங்க, அங்கேயே நில்லுங்க."

சித்தி காபி போட்டாள். நான் டம்ளரைக் கொண்டுபோய்க் கீழே தெருவில் நின்ற சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் குடிக்காமல் அண்ணாந்து பார்த்து, "மாமா, அன்னைக்கு நான் சிரிச்சது தப்புங்க" என்றார்.

"அதெல்லாம் விடுங்க. முதல்ல அந்தக் குழாயை மாட்டுங்க. எனக்கு ஆறேகாலுக்குக் காபி வரணும்."

அன்று எனக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். சித்தப்பா ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். நான் நன்றாகச் சண்டை போட்டதால்தான் குழாய் திரும்பக் கிடைத்தது என்று முடிவு செய்துகொண்டேன். ரொம்ப நாள் வரைக்கும் அப்படித்தான் நம்பினேன்.

பெருக்கன்று சித்தி வந்தாள். படித்துறைக் கூட்டத்தில் நனைந்த புடவையோடு நின்று புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டாள். மிச்ச ஆடிக்குத் தென்னூருக்கே திரும்பிப் போனாள். அந்த இரண்டு வாரமும் நாங்கள் பழைய குழாயோடு, பழைய மரியாதையோடு மூன்று ரவுண்டு அடித்தோம். போலீஸ்காரரிடம் பெட்ரோலும் பழையபடி தீர்ந்தது.

ஆவணி பிறந்து முதல் நல்ல நாளில் சித்தியை அழைத்து வரப் போனோம். திரும்பும்போது நான் வழக்கம்போலப் பின் சீட்டில் ஏறப் போனேன். அங்கே சித்தி உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என்னை அம்மாவோடும் சீர்த் தட்டுகளோடும் ஆட்டோவில் ஏற்றினார்கள். என் இடத்தை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டதை நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

காவேரிப் பாலத்தில் பைக் எங்களுக்கு முன்னால் போனது. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. சித்தப்பா நடுப்பாலத்தில் வேண்டுமென்றே ஒரு பெரிய முறுக்கு முறுக்கினார். ஆட்டோக்காரர்கூடத் தலையைச் சிலுப்பிக்கொண்டார். சித்தி காதைப் பொத்தவில்லை. ஒரு கை சித்தப்பாவின் தோளில் இருந்தது, இன்னொரு கை மடியில் சும்மா கிடந்தது.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. கோபமெல்லாம் மறந்து அம்மாவின் காதோடு சொன்னேன்: "அம்மா, இந்த ஒரு மாசத்துல சித்திக்குக் காது மந்தமாயிடுச்சு போல."

அம்மா முன்னால் போகிற பைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்டி" என்றாள்.