மடிப்பு நிற்கும் வரை

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்தின் அலுமாரியில் ஏழெட்டுக் கிண்ணங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, மழையில் ஆட்டம் நின்றுபோய் நாணயம் சுண்டிப் பெற்றவை. அந்தக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலைப் பையனின் வெள்ளை நெடுங்கால்சட்டை தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைப்பார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கால் ஓரத்தில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, இரண்டு பழைய மடிப்புக் கோடுகள் தெரியும். கிண்ணங்களைத் துடைக்க மறந்தாலும் அந்தக் கால்சட்டையை நான் மறப்பதில்லை. உதைபந்தாட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான விஷயத்தை அதைத் தைத்த பெண்மணியிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் வாழ்நாளில் பந்தைத் தொட்டவர் இல்லை.

நான் கண்டி மாநகர சபையில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர். வேலை முடிந்து பஸ்ஸில் வத்தேகம வந்து இறங்கினால் கழகச் செயலாளர். செயலாளர் என்றால் ஏதோ பெரிய பதவி என்று எண்ண வேண்டாம். பந்துக்குக் காற்றடிப்பதும், கோல் வலையின் ஓட்டையை முடிச்சுப் போடுவதும், மைதானத்தில் மேயும் மாட்டை விரட்டுவதும் அந்தப் பதவியில் அடங்கும். கண்டியில் ரக்பிக்கு இருக்கும் மவுசு எங்கள் விளையாட்டுக்குக் கிடையாது. அதனால்தான் அந்தப் பையன் எங்கள் மைதானத்துக்கு வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

பதினாறு வயது. எங்கிருந்து எப்படி வந்தாலும் பந்து அவன் காலடியில் வந்து அடங்கிவிடும். பெரியவர்கள் இரண்டு பேர் பாய்ந்து வரும்போதும் அவன் பந்தைப் பார்க்க மாட்டான். அடுத்து யாருக்குக் கொடுக்கலாம் என்று தலையை நிமிர்த்தித் தேடிக்கொண்டிருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் பெரிய கழகம் ஒன்றின் முகாமையாளர் வேறு வேலையாகக் கண்டிக்கு வந்தவர், எங்கள் ஆட்டத்தையும் பார்த்தார். இடைவேளைக்கு முன்பே என் பக்கத்தில் வந்து நின்றார். பையனைக் கொழும்பிலேயே தங்கவைத்து, காலையும் மாலையும் தங்கள் முதல் அணியோடு பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார். கையோடு ஒரு படிவமும் தந்தார். அவன் தகப்பன் கட்டாரில் வேலை செய்ததால் அதில் தாய், பையனின் உம்மா, ஒப்பமிட வேண்டியிருந்தது.

மறுநாள் மாலையே பையனின் வீட்டில் போய் நின்றேன். உண்மையைச் சொல்கிறேன்: பையனுக்காக மட்டும் ஓடவில்லை. என் வயதில் என்னை யாரும் அப்படி வந்து கேட்டதில்லை. எங்கள் கழகத்திலிருந்து ஒருவன் போகிறான் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளும் ஆசை எனக்குள் கொதித்தது.

முன்னறையில் உம்மாவின் தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீருடை தைப்பவர் அவர். அரசாங்கம் தரும் துணி வருஷத்துக்கு ஒரு தரம்தான் என்பதால், கால் ஓரத்தில் நாலு விரல் துணியை உள்ளே மடித்துவிட்டுத் தைப்பார். பிள்ளை வளர வளர மடிப்பை இறக்கிக்கொள்ளலாம். படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கி, கடைசி எழுத்து வரை வாசித்து, என் பக்கமே திருப்பி வைத்தார்.

“இப்ப சைன் வைக்க மாட்டேன் சேர்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “புள்ளையோட வாழ்க்கையில நீங்களே மண்ணள்ளிப் போடுறீங்க” என்று சொல்லிவிட்டேன். ஒரு தாயிடம் சொல்லக்கூடிய பேச்சா அது என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவர் உள்ளே போய் மகனின் வெள்ளைக் கால்சட்டையைக் கொண்டு வந்து என் மடியில் விரித்தார். “இந்த வருஷத்துக்குள்ள ரெண்டு தரம் மடிப்ப எறக்கீக்கிறேன். புள்ளட எலும்பு இன்னும் வளருது சேர். தொழுற நேரம் கதிரைய இழுத்துப் போட்டு ஒக்காந்துக்கிறான். முழங்கால் வருத்தமுள்ள வயசாளிகள்தானே கதிரைல தொழுவாங்க. இவனுக்கு ஏன் கதிரை?”

பிறகு பையனைக் கூப்பிட்டு முழங்காலைக் காட்டச் சொன்னார். முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு கொட்டைப்பாக்கு அளவு புடைத்திருந்தது. அவன் ஆறு வாரமாக அங்கே துணிப்பட்டி சுற்றிக்கொண்டுதான் ஆடினான். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பார்த்து ஸ்டைலுக்குக் கட்டுகிறான் என்று நான் எல்லோர் முன்னாலும் அவனைக் கேலி செய்திருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா டீம்ல போட மாட்டீங்கண்டு பயந்தேன் சேர்” என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. வாரத்துக்கு மூன்று நாள் அவனை ஓடவைத்துப் பார்த்த என் கண்ணுக்குப் படாதது, தொழுகையில் அவன் உட்கார்ந்த விதத்தில் அவருக்குப் பட்டிருக்கிறது.

வைத்தியரும் அதையே சொன்னார். வளர்கிற எலும்பு, சுமையைக் குறைத்தால் தானாகச் சரியாகிவிடும், இந்த நிலையில் பெரியவர்களோடு நாளுக்கு இரண்டு தடவை பயிற்சி என்றால் கெடும். எப்போது அனுப்பலாம் என்று உம்மாவிடம் கேட்டேன். “ஒரு வருஷம் முழுக்க மடிப்ப எறக்காம இருந்தா வாங்க, சைன் வைக்கிறேன்” என்றார்.

கொழும்புக்குச் சொன்னேன். அடுத்த வருஷம் அந்த இடம் இருக்குமோ தெரியாது என்று சொல்லி முகாமையாளர் தொலைபேசியை வைத்துவிட்டார். பையன் ஒரு வாரம் உம்மாவோடு பேசவில்லை. முதல் சில மாதங்கள் அவனை ஆடவிடாமல் கோட்டுக்கு வெளியே என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அங்கிருந்தபடியே, பின்வரிசை எங்கே பிளந்திருக்கிறது, யார் எப்போது களைக்கிறான் என்றெல்லாம் முணுமுணுப்பான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே விளையாட்டு புதிதாகப் புரிந்தது. வலி குறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக ஆடவிட்டேன்.

அடுத்த வருஷம் அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். அதற்கடுத்த வருஷம் அவன் ஆட்டத்தால் நாங்கள் வென்ற எந்தக் கிண்ணத்துக்கும் நாணயம் சுண்ட வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் நான் இரண்டாவது பிழையைச் செய்தேன். கொழும்பு முகாமையாளர் மறுபடியும் அழைத்தார். “அவசரப்படுத்த வேணாம், இன்னும் ஒரு சீசன் போகட்டும்” என்றேன், பெரிய ஞானி மாதிரி. பையனின் நன்மைக்காகத்தான் சொல்கிறேன் என்று நானே நம்பினேன். அவன் போனால் என் அணி என்னாகும் என்ற பயம்தான் அதற்குள் இருந்தது. உம்மாவிடம் சொல்லவும் இல்லை.

இரண்டாம் நாளே விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போது ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு கடைப்பை. அதிலிருந்து இந்தக் கால்சட்டையை, அடுத்த வருஷத் துணியில் தைத்து இரண்டு தரம் மடிப்பு இறக்கியதை, எடுத்தார்.

“மடிப்பு நின்டு ஒரு வருஷம் தாண்டிட்டு. கதிரையும் மூலையில கெடக்கு. இப்ப நீங்க ஏன் சேர் பயப்புடுறீங்க?”

கழக அறைக்குப் போய் அந்தப் பழைய படிவத்தை எடுத்து வந்தேன். அவர் அதை ஓட்டோ இருக்கையில் வைத்து ஒப்பமிட்டார். போகும்போது சொன்னார்: “புள்ளக்கி அளவெடுத்துத்தான் தைக்கோணும் சேர். எங்கட அவசரத்துக்கும் தைக்கேலா, எங்கட ஆசைக்கும் தைக்கேலா.” கால்சட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அன்றே கொழும்புக்கு அழைத்து, நான் சொன்னதை நானே விழுங்கினேன்.

இன்று அவன் அந்தக் கழகத்தின் முதல் அணியில் ஆடுகிறான். கோல் அடித்தால் புல்லில் முழங்காலிட்டு நெற்றியைத் தரையில் வைப்பான். தொலைக்காட்சியில் பார்க்கும்போது கோலுக்குக் கை தட்ட எனக்குத் தோன்றாது. அந்த முழங்கால் எப்படி மடிகிறது என்றுதான் பார்ப்பேன். அது நன்றாக மடிகிறது.

போன வாரம் ஒரு தகப்பன் மகனோடு கழகத்துக்கு வந்தார். மகனுக்குப் பதினைந்து வயது, அபாரமான இடது கால். கையில் வேறொரு கழகத்தின் படிவம். நான் அலுமாரியைத் திறந்து கால்சட்டையை மேசையில் விரித்துக் கதையைச் சொன்னேன். அவர் வெளியே போய் மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். “இந்த வருஷம் இவன் கால்சட்டைய எத்தன தடவ எறக்குன?” என்று கேட்பது எனக்குக் கேட்டது. திரும்பி வந்து மூன்று விரலைக் காட்டி, ஒப்பமிடாமலே படிவத்தை என்னிடம் தந்தார்.

பையன் என்னை முறைத்துக்கொண்டு நின்றான். அந்தக் கோபம் எனக்குப் பழக்கமானது. “இந்தப் படிவம் தொலையாது தம்பி. மடிப்பு ஒரு வருஷம் நிக்கட்டும். நான் மறந்தாலும் நீ வந்து கேளு, நான் சாக்குச் சொன்னா அம்மாவக் கூட்டிட்டு வா” என்றேன். ஒப்பமில்லாத படிவத்தை நாலாக மடித்து, அந்த வெள்ளைக் கால்சட்டையின் பையில் வைத்து, அலுமாரியில் மறுபடி தொங்கவிட்டேன். அலுமாரிச் சாவியை அவன் கையில் கொடுத்தேன்.