பிடியரிசிக் கணக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று எங்கள் தெருவே சொல்லும். கணக்கில் கறாராக இருப்பாள் என்று அதற்காகவே என்னை மாதர் சங்கத்துத் தலைவி ஆக்கினார்கள். தூத்துக்குடியில் அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாகிப்போன யுத்த காலம் அது. தெருவில் எந்த வீட்டில் உலை வைத்தாலும் முதலில் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை அதை அளந்து வாங்கி, நோட்டில் எழுதி, சங்கத்துப் பானையில் கொட்டுவேன். தாய் தகப்பன் இல்லாத முப்பது பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி அதில்தான். கஞ்சி காய்ச்சியவள் மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்திலிருந்து வந்த ஒரு விதவை. சாவி அவளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று.

ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் என் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். வீட்டில் கம்பும் சோளமும்தான் இருந்தன. வந்தவர்களுக்குக் கம்பங்களியைப் போட்டால் ஊர் சிரிக்காதா? சாவியை எடுத்துக்கொண்டு போய் மூன்று படி அரிசி அள்ளி வந்தேன். ரேஷன் கிடைத்ததும் போட்டுவிடலாம் என்று நோட்டில் எழுதவில்லை. பாழாய்ப்போன ரேஷன் கடை அந்த வாரம் திறக்கவே இல்லை.

சனிக்கிழமை பெண்கள் கூடினார்கள். நோட்டுப்படி ஒரு படியாவது மிஞ்சியிருக்க வேண்டும். பானையில் ஒரு மணி அரிசிகூட இல்லை. எல்லார் கண்ணும் கஞ்சிக்காரி பக்கம் திரும்பியது. பசித்த வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்தால் இப்படித்தான் என்றாள் ஒருத்தி. போலீசைக் கூப்பிட வேண்டும் என்றாள் இன்னொருத்தி. கஞ்சிக்காரி இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, என் பக்கத்து வீட்டுக்காரி அவளுடைய ஓலைப்பெட்டியைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். ஒரு ஜெபமாலை, கொஞ்சம் வெற்றிலை, காகிதத்தில் சுற்றிய கருவாட்டுத் துண்டு.

நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. அநாதைப் பிள்ளைகளின் அரிசியைப் பொங்கிப் போட்டேன் என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் போச்சு. கஞ்சிக்காரி நேராக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நோட்டு உங்க கையிலதான இருக்கு. நீங்க சொல்லுங்க. நான் எடுத்தேனா?"

நோட்டை மூடினேன். "அவ எடுக்கல. நான்தான் எடுத்தேன். மூணு படி. பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பொங்கிப் போட்டேன்."

காறித் துப்புவார்கள் என்று நின்றேன். பெட்டியைக் கவிழ்த்தவள் சிரித்தாள்.

"இம்புட்டுத்தானா மதினி? நீங்க எடுத்தா அது களவா? கைமாத்துதான. அடுத்த வாரம் போட்டுட்டாப் போச்சு."

இன்னொருத்தி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தாள். உண்மையைச் சொல்வதென்றால், எனக்கும் ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. இப்போது நினைத்தாலும் கூசுகிறது. கஞ்சிக்காரி குனிந்து வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் எடுத்திருந்தா இதுக்குள்ள போலீசு வந்திருக்கும்லா அக்கா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

நோட்டைத் திறந்து, 'தலைவி எடுத்தது மூன்று படி' என்று எழுதி உரக்கப் படித்தேன். தலைவி வேலைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று என் சாவியை அதன்மேல் வைத்தேன். அவளும் தன் சாவியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை கஞ்சியை நான்தான் காய்ச்சினேன். அவள் எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். அரிசிக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள்தானே. உங்கள் அரிசியை நான் எடுத்தேன், பழி அவள்மேல் விழுந்தது, அதனால் போய்விட்டாள் என்று சொன்னேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அதான் வெள்ளிக்கிழமை வெறும் தண்ணியா இருந்துச்சா?" என்று கேட்டாள்.