காதுக்காரர் உட்காரும் இடம்

பட்டறையில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினுக்கு இரண்டு பேர், பெயின்ட்டுக்கு ஒருவர், டயருக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு மூலை உண்டு. இவருக்கு மூலை கிடையாது. வண்டிக்குள்ளேதான் இவர் பிழைப்பு. சில கார்கள் நன்றாக ஓடும், பிரேக் பிடிக்கும், ஏசி குளிரும். ஆனால் உள்ளே எங்கேயோ ஒன்று கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். போகும்போதும் வரும்போதும் அதைக் கேட்டுக் கேட்டு வண்டிக்காரருக்குப் பைத்தியமே பிடித்துவிடும். நாலு இடத்தில் காட்டி, நாலு பேரும் கையை விரித்த பிறகு, அந்த வண்டி இவர் தலையில் வந்து விழும்.

வருகிறவர்கள் சத்தத்தை வாயாலேயே செய்துகாட்டுவார்கள். கோட்டு போட்ட வங்கி மேலாளர் வாசலில் நின்று உதட்டைக் குவித்து, "டுர்ர்ர்... டுக். டுர்ர்ர்... டுக்" என்பார். டயர்க்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். காதுக்காரர் சிரிக்க மாட்டார். லொடலொடவா, நறநறவா, டிக்டிக்கா என்று மட்டும் கேட்பார். லொடலொட என்றால் ஏதோ கழன்றிருக்கிறது. நறநற என்றால் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுகிறது. டிக்டிக் என்றால் எல்லோருக்கும் பொறுமை வேண்டும்.

முதலில் வண்டியைக் காலி செய்வார். சில்லறைக் காசு, பேனா, கண்ணாடிக் கூடு, குழந்தை மறந்து வைத்த பொம்மை எல்லாம் வெளியே வரும். பாதி நோய் அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்காருவார். ஒரு கை டேஷ்போர்டில், ஒரு கை கதவில், இரண்டு கண்ணும் மூடியிருக்கும். தானே ஓட்டிப் பார்க்க மாட்டார். அவருக்கு ஓட்டத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. "ஓட்டுறவன் காது ரோட்டுல இருக்கும். கேக்குறவன் சும்மா உக்காந்திருக்கணும்" என்பார். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரே இடத்தில் சும்மா உட்கார்ந்து, சத்தம் பிறக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். அங்கே ஒரு துண்டு ஸ்பாஞ்சோ, ஒரு புது கிளிப்போ வைத்தால் வேலை முடிந்தது.

இதனால் வந்த கர்வமும் அவருக்கு இருந்தது. இல்லையென்று மழுப்ப வேண்டாம். "என் காதுல விழலன்னா அந்தச் சத்தம் இல்லன்னு அர்த்தம்" என்று சொல்வார். முதலாளியும் இதையே வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். பட்டறையோடு நின்றிருந்தால் அந்தப் பேச்சால் யாருக்கும் கேடில்லை. அவர் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார்.

ஒரே மகள். கல்யாணமாகி இரண்டு வருடம், பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பகலில் போன் செய்து, முதலில் அம்மாவிடம் அழுதுவிட்டு, பிறகு அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"என்னால இங்க இருக்க முடியலப்பா. எதுக்கெடுத்தாலும் கத்துறார். தட்டை வீசுறார். ரெண்டு தடவை கை நீட்டிட்டார்."

காதுக்காரர் கல்நெஞ்சர் இல்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்கே மாப்பிள்ளை வந்து நின்று, "குடுங்க மாமா" என்று பையை வாங்கிக்கொண்டார். வீட்டில் அவரே டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு நாளும் மாமா, மாமா என்ற பேச்சுதான். கடிகார முள் நகர்வதுகூடக் கேட்கிற அளவுக்கு அந்த வீடு அமைதியாக இருந்தது. காதுக்காரர் கூடத்தில் பாயை விரித்துக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்தார். அதட்டல் இல்லை, முணுமுணுப்பு இல்லை, ஒரு பாத்திரம்கூட ஓசைப்படவில்லை. கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் மாப்பிள்ளையைப் பற்றி ஜாடையாக விசாரித்தார். "தங்கமான பிள்ளைங்க" என்றாள் அந்த அம்மா.

மகள் மாடியிலிருந்து கீழே வாசல்வரை வந்தாள். "நீங்க இருந்தா அவர் வேற ஆளுப்பா" என்றாள்.

"ரெண்டு நாள் கூடவே இருந்து பாத்துட்டேன்மா. ஒண்ணும் இல்ல. எல்லா வீட்லயும் இருக்குறதுதான். நீ சின்ன விஷயத்தைப் பெருசாக்குற."

மூன்று மாதம் கழித்து மறுபடியும் போன் வந்தது, மறுபடியும் போனார், மறுபடியும் அதே டீ, அதே அமைதி. மூன்றாவது முறை அழைத்தபோது, "நான் ரெண்டு தடவை வந்து கேட்டாச்சும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். போகவில்லை. அதற்குப் பிறகு அவள் அவரைக் கூப்பிடுவதே இல்லை. வாரம் ஒருமுறை அம்மாவின் போனுக்கு "நல்லா இருக்கேன்" என்று இரண்டு வார்த்தை வரும். மனைவி அதை அவருக்குப் படித்துக்காட்டுவாள். காட்டிவிட்டு எழுந்துபோவாள். அவரோ நிம்மதியாக இருந்தார். அவர் தொழிலில் திரும்பி வராத வண்டி சரியாகிவிட்ட வண்டி.

இந்தச் சமயத்தில்தான் கணக்கு டீச்சர் வந்தாள். தினமும் நாற்பது நிமிடம் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிறவள். சின்ன வண்டி, பழசு, ஆனால் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. "டிக்டிக்" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு, இடது பக்கம், தோளுக்குக் கீழே என்றாள். காதுக்காரர் வண்டியைக் காலி செய்து, ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடினார். பட்டறையை அடுத்த கிடங்குகளுக்குப் பின்னாலிருக்கிற குண்டும் குழியுமான ரோட்டில் இரண்டு சுற்று வந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குள் எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பாஞ்சு வைத்து அனுப்பினார். அடுத்த வாரம் டீச்சர் திரும்பி வந்தாள். டேஷ்போர்டைக் கழற்றி மாட்டினார். ஏறி உட்கார்ந்தார். சத்தம் இல்லை. மூன்றாவது முறையாக அவள் வந்தபோது, அவளை வைத்து டயர்க்காரர் ஏதோ கேலி பேச, எஞ்சின்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க" என்றார் காதுக்காரர். "வேலை ஜாஸ்தின்னா சில சமயம் இல்லாத சத்தம் கேக்கும். நாலு நாள் பஸ்ல போய்ப் பாருங்க."

டீச்சருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "ஐயா, நாப்பது பிள்ளைங்க இருக்குற வகுப்புல கடைசி பெஞ்சுல ஒருத்தன் பேனா மூடியைத் தட்டினா, போர்டுல எழுதிக்கிட்டே அவன் யாருன்னு சொல்லுவேன். எனக்கா இல்லாத சத்தம் கேக்குது? தனியா போறப்ப வீடு வரைக்கும் உயிரை வாங்குது. நீங்க ஏறி உக்காந்ததும் வாயை மூடிக்குது. உங்க முன்னாடி மட்டும் நல்ல பிள்ளையா நடிக்குது!"

எஞ்சின்காரர்கள் இன்னும் உரக்கச் சிரித்தார்கள். காதுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பேச்சை வேறொரு வாயிலிருந்து ஏற்கனவே கேட்டிருக்கிறோம் என்று எங்கேயோ சுருக்கென்றது. அதைத் தள்ளிவிட்டு, "அப்ப நான் எங்க உக்காரணும்? நீங்களே சொல்லுங்க" என்றார், கொஞ்சம் வீம்பாகவே.

"முன்னாடி உக்காராதீங்க. அவ்வளவுதான்."

பின் சீட்டில் ஏறினார். இருபத்திரண்டு வருடத்தில் ஓடுகிற வண்டியின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். அதுவும் பின்கதவு ஆடுகிறது, பின்கண்ணாடி ஆடுகிறது என்று வந்த வண்டிகளில். டீச்சர் வண்டியைக் கிளப்பினாள். கிடங்கு ரோட்டில் முதல் குழியைத் தாண்டியதும் அது வந்தது. டிக். கொஞ்ச தூரம் போய், டிக்டிக். முன்னால், ஆளில்லாத அந்தச் சீட்டுக்கு அடியிலிருந்து.

அவர் குனிந்து கையை நீட்டி அந்தச் சீட்டை அழுத்தினார். நின்றுபோனது. கையை எடுத்தார். டிக்டிக். மறுபடியும் அழுத்தினார், எடுத்தார். சீட்டு முன்னும் பின்னும் நகர்கிற இரும்புத் தடத்தில் ஒரு வாஷர் தேய்ந்திருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் அந்தப் பாரத்தில் அசையாமல் கிடக்கும். ஆள் இல்லாவிட்டால் ஆடும். சத்தத்தைத் தேடி இவர் இரண்டு முறையும் போய் உட்கார்ந்தது அதன் மேலேயேதான்.

"கேக்குதா?" டீச்சர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குது டீச்சர்."

"நிஜமாவா?"

"நல்லாவே கேக்குது."

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "வீட்ல காது டாக்டர்கிட்ட போகச் சொல்லிட்டாங்க. நானே எனக்கு என்னமோ ஆகிடுச்சுன்னு பயந்துட்டேன்" என்றாள். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மகளின் பேச்சு ஞாபகம் வந்தது. நீங்க இருந்தா அவர் வேற ஆளுப்பா. மகள் எதையும் மறைக்கவில்லை; உள்ளதை உள்ளபடி, முதல் தடவையே, வாசலில் நின்று சொன்னாள். அந்தக் கூடத்தில் படுத்துக் கேட்ட அமைதி முழுவதும் தன் பாரத்தால் வந்தது. பஸ் ஏறி இவர் தலை மறைந்ததும் அந்த வீட்டில் என்ன ஆரம்பித்திருக்கும், எத்தனை நாளாக நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்க நினைக்க அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் மேலேயே அப்படி ஒரு அருவருப்பு வந்தது.

பட்டறைக்கு வந்து வாஷரை மாற்றினார். பத்து நிமிட வேலை. கை அதன் போக்கில் செய்தது. டீச்சர் முகம் மலர்ந்து, "எப்படியோ கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள்.

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் நம்பல. மன்னிச்சிடுங்க."

முதலாளியிடம் சொல்லிக்கொண்டு நடுப்பகலில் வீட்டுக்கு வந்தார். மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள். இந்த நேரத்தில் அவரைப் பார்த்ததும் பயந்து, "உடம்புக்கு என்னங்க?" என்றாள்.

"கிளம்பு. பொண்ணைக் கூட்டிட்டு வந்துடலாம்."

"போன் பண்ணாளா?"

"இல்ல."

"பின்ன? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. அவ சொன்னதுதான்."

மனைவி அடுப்பை அணைத்தாள். "எட்டு மாசம் ஆச்சு உங்களுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவை மாற்றப் போனாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், மகள் இருக்கிற கட்டிடத்தில் ஏறினார்கள்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த மாப்பிள்ளை ஒரு கணம் திகைத்துவிட்டு, "அடடே, மாமா! அத்தை! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க, உக்காருங்க, டீ போடுறேன்" என்றார். வீடு முன்பு போலவே சுத்தமாக, சத்தமில்லாமல் இருந்தது. சமையலறை வாசலில் மகள் வந்து நின்றாள். அப்பாவைப் பார்த்த அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, எதிர்பார்ப்பும் இல்லை. விருந்தாளிகளை வரவேற்பது போல, "வாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தை அவரைக் கொன்றது.

"டீ வேண்டாம் மாப்பிள்ளை" என்றார் நின்றபடியே. "இவளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க மாமா. எத்தனை நாளைக்கு?"

"நாள் கணக்கு இல்ல. திரும்பி வர மாட்டா."

மாப்பிள்ளை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "என்ன மாமா இது? இவ ஏதாவது சொன்னாளா? நீங்களே ரெண்டு தடவை வந்து தங்கியிருக்கீங்க. நான் இவளை ஒரு வார்த்தை அதட்டி நீங்க கேட்டிருக்கீங்களா? மனசைத் தொட்டுச் சொல்லுங்க."

"இல்ல. ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

"பின்ன எதை வெச்சு வந்து நிக்குறீங்க?"

"என் பொண்ணு கேட்டிருக்கா மாப்பிள்ளை. நான் கேக்கணும்னு அவசியம் இல்ல."

மாப்பிள்ளை பக்கத்து வீட்டு அம்மாவை வேண்டுமானால் கூப்பிடட்டுமா என்றார். மகள் அப்பாவையே வெறித்துப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். அம்மாவும் உதவிக்குக் கிளம்பினாள், ஆனால் இரண்டு எட்டு வைப்பதற்குள் மகள் திரும்பி வந்துவிட்டாள். கையில் ஜிப் போட்டு மூடிய பை ஒன்று இருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் அவள்தான் முதலில் படியிறங்கினாள்.

முதல் திருப்பத்தில் காதுக்காரர் எட்டி அந்தப் பையை வாங்கிக்கொண்டார். மேலெல்லாம் தூசி படிந்திருந்தது.

"எப்பம்மா இதைக் கட்டினே?"

"நீங்க முதல் தடவை வந்தீங்களே, அன்னிக்கு."

மனைவி ஒரு கை பிடிக்க வந்தாள். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு, மூன்று மாடியும் அவரே சுமந்துகொண்டு இறங்கினார்.