கவிழ்த்த தண்ணீர்

"...அந்தப் பீப்பாயக் காட்டுனது நான்தான், இப்ப இன்னாங்குற?" என்றாள் கஸ்தூரி. உப்பளத்தில் என்னோடு உப்பு வாருபவள்.

எழுபதுகளில் மரக்காணத்தில் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். சேர்த்து வைத்த தண்ணீரில் புழு நெளிந்தால், உப்பில்லாத தண்ணீர் என்று பெருமைப்படுவோம். என் வீட்டுப் பீப்பாயில் இருந்த அந்தத் தண்ணீரைத்தான் சுகாதார ஆய்வாளர் கவிழ்த்துவிட்டுப் போனார்.

"கூட இருந்தே காட்டிக் குடுத்துட்டியேடி" என்றேன். பிறகு நான் ஏசியதை எழுதக் கூசுகிறது.

"அந்தப் புழுதான் கொசுவாவுது. டெங்கு வந்து எம் பொண்ணு கண்ணுக்குப் பின்னால வலி, மூட்டெல்லாம் முறியுதுன்னு கெடக்குறா. அவளக் கடிச்ச கொசு ஒம் புள்ளையக் கடிக்க எவ்ளோ நேரமாவும்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பீப்பாயைத் தேய்த்துக் கழுவினாள். தன் குடத்திலிருந்து பாதித் தண்ணீரை அதில் ஊற்றினாள். முந்தானையைக் கிழித்து, பீப்பாயின் வாயை இறுக்கிக் கட்டினாள்.