மலை ஓடையில் சிவப்புச் சட்டைகள்

நொய்யல் பாலத்தைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்து இன்றைக்கு ஆறு என்ன நிறம் என்று சொல்வது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஒருநாள் ஊதா, மறுநாள் பச்சை, சில நாள் கறுப்பு. பாலத்துக்கு வருமுன்பே தூரத்திலிருந்து சரியாகச் சொன்னவளுக்கு மற்றவர்கள் புளியங்காய் தர வேண்டும். சிவப்பு ஓடினால் "பெரிய ஆர்டர் போகுதுடி" என்போம். அப்பாவுக்கு ஓவர்டைம் இருக்கும், வீட்டில் கறி இருக்கும். தண்ணீர் நிறமில்லாமல் கிடந்த வாரங்களில்தான் தெருவில் பெரியவர்களின் முகம் வாடியிருக்கும். இதைச் சொல்லாமல் மலையில் நடந்ததைச் சொன்னால் யாருக்கும் விளங்காது.

அப்பா பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டைலர். அம்மா அதே கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்த்து மடிப்பவர். இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் கிடையாது. நான் கல்லூரிக்குப் போனேன். புத்தகங்களைப் பைக்குள் வைக்காமல் மார்போடு அணைத்து, அட்டை வெளியே தெரியும்படிதான் தெருவில் நடப்பேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் அப்படி நடக்க வேறு பெண் இருக்கவில்லை.

கல்லூரியில் மலையேற்றக் குழு ஒன்று தொடங்கினார்கள். பொறுப்பாக இருந்த பேராசிரியை வெளியூர்க்காரர். நாங்கள் மேடம் என்போம். பனிமலைகளில் ஏறிப் பழகிய பயிற்சியாளர் ஒருவரையும் அவர் வரவழைத்திருந்தார். இமயமலையில் நடக்கும் பயிற்சிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மாணவியை அனுப்புவார்கள். அந்த ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க, கோவைக்கு மேற்கே உள்ள மலையில் முகாம். அந்த இடம் எனக்குத்தான் என்று நான் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

தெரு முழுக்கச் சிரித்தது. "பொட்டப்புள்ளய பனிமலைக்கு அனுப்பறீங்களாக்கும்! நம்ம பனியனைப் போட்டா அங்க குளிரு தாங்குமாங்க?" என்றார் எதிர்வீட்டு அக்கா. அப்பாவும் முதலில் முனகினார். "மலையேறப் படிப்பு எதுக்குச் சாமி? ஆடு படிச்சுட்டா ஏறுது?"

ஆனால் புறப்படுவதற்கு முந்தின நாள் சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையோடு வந்தார். உள்ளே ரத்தச் சிவப்பில் கெட்டியான சட்டைகள், குழுவில் ஆளுக்கொன்று. சாயம் சரியில்லை என்று திரும்பி வந்த சரக்கு. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றின் கையையும் பெண்பிள்ளைகளுக்குத் தோதாகப் பிடித்துத் தைத்திருந்தார்.

"எம்புள்ளகூடப் போற புள்ளைக அத்தனையும் ஒரே மாதிரி போட்டுட்டு ஏறோணும். ஆனா கண்ணு, போடறதுக்கு முந்தி உப்புப் போட்டு ஒருக்கா நனைச்சுரு. நம்மூட்டு போர் தண்ணியில நனைச்சா சாயம் நிக்காது. மலைத்தண்ணி நல்ல தண்ணி, அப்படியே புடிச்சுக்கும்."

அம்மா ஒரு பொட்டலம் கல்லுப்பைக் கட்டி மூட்டைக்குள் வைத்தார்.

மலையில் என்னை முதலில் திகைக்கவைத்தது மரங்களோ யானைச் சாணமோ அல்ல, சத்தமின்மை. பிறந்தது முதல் மெஷின் ஓட்டத்துக்குப் பழகிய காது, ஏதோ அடைத்துக்கொண்டதுபோலத் தவித்தது. அடிக்கடி எச்சில் விழுங்கிப் பார்த்தேன். மலைவாசிகளின் சிறிய குடியிருப்பு ஒன்றைக் கடந்து, அதற்கும் மேலே ஓடைக்கரையில் கூடாரம் போட்டோம். கோடைகாலம். ஓடை மெலிந்து, பாறைக்குப் பாறை சின்னச் சின்னக் குட்டைகளாக நின்று நின்று இறங்கியது.

"இந்த மாதிரி ஓடைகள் கூடித்தான் உங்க ஊருக்கு நொய்யலா வருது" என்றார் பயிற்சியாளர்.

"சும்மா சொல்லாதீங்க சார், நம்ம ஆறு என்ன நெறம்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

குட்டையின் அடியில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் தெரிந்தது. எட்டும் தூரம்தான் என்று கையை விட்டேன். முழங்கை நனைந்தது, தோள் நனைந்தது, கன்னம் தண்ணீரைத் தொட்டது, கல் இன்னும் கீழேதான் இருந்தது. தண்ணீருக்குள் ஆழம் தெரியும் என்பது எனக்குப் புதிது. அந்தப் புதுமையில் நான் என்ன நினைத்தேன் என்பதை இப்போதும் எழுதக் கூசுகிறது. அப்பா சொன்ன நல்ல தண்ணி இதுதான் என்று நினைத்தேன்.

மேடமும் பயிற்சியாளரும் ஏற வேண்டிய பாறையைப் பார்க்கப் போயிருந்தார்கள். நான் மூட்டையை அவிழ்த்தேன். கல்லுப்பைக் குட்டையில் கொட்டி, சட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கினேன். தோழிகள் சுற்றி நின்று தமக்குரியதைத் தேர்ந்துகொண்டிருந்தார்கள். பிழிந்தேன். மறுபடி அமுக்கினேன். சிவப்பு புகைபோல் கிளம்பி, குட்டையை நிறைத்து, விளிம்பு தாண்டி அடுத்த குட்டைக்கு இறங்கியது.

"ஏய், தண்ணியப் பாருடி!" என்று கத்தினாள் ஒருத்தி. மடத்துக்குளம் பக்கம் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவள் அவள்.

பார்த்தேன். எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. "மொத அலசுல அப்பிடித்தான் போகும். ரெண்டாவதுல நின்னுக்கும்" என்றேன், தொழில் தெரிந்தவளின் மிதப்போடு.

"கீழ ஊடுக இருக்குதேடி! எங்கூர்ல வாய்க்கால்ல சாணிக்கூடையக் கழுவினாலே மம்பட்டியத் தூக்கீட்டு வந்துருவாங்க."

அவள் பேசி முடிக்கவும் கீழே கூவல் கேட்டது. யாரையோ அழைக்கும் குரல், நின்று நின்று, ஒவ்வொரு முறையும் இன்னும் பக்கத்தில். புதரை விலக்கிக்கொண்டு மூன்று பெண்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்தவள் என்னைவிடச் சில வயது மூத்தவளாக இருக்கலாம். கையில் அரிவாள். அவள் எங்களைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்தபடியே வந்தாள். சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று குட்டை குட்டையாகத் தேடிக்கொண்டு வந்தாள்.

முழங்கைவரை சிவந்த கைகளோடு நான் நிற்பதைக் கண்டதும் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்க அடி? எங்க பட்டுச்சு? ஆனையா? எங்க வீட்டு ஆளு எங்க? உன்கூட இருந்தாரா?"

"அடி இல்லீங்க. இது சாயமுங்க."

"சாயமா?"

பிழிந்து வைத்த சட்டைகளைக் காட்டினேன். அவள் என் கையை முகர்ந்து பார்த்தாள். பிறகு அதை விட்டுவிட்டு அங்கேயே பாறையில் உட்கார்ந்தாள். அவள் கணவர் காலையில் ஓடையோடு மேலே துடைப்பப்புல் அறுக்கப் போயிருக்கிறார். இவள் குடம் வைத்திருந்த மூங்கில் குழாயில் தண்ணீர் சிவப்பாக விழுந்திருக்கிறது. யானை அடித்துவிட்டது என்று ஓடி வந்திருக்கிறாள்.

கூட வந்த வயதான பெண் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். "செத்தவனத் தேடிக்கிட்டு நாங்க ஓடியாறோம். இங்க ராணிக துணி தொவைக்கறாளுக!"

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். புத்தகத்தில் இருக்கும் அந்தச் சொல்லைத் தவிர வேறு சொல் எனக்கு வரவில்லை. அதைச் சொன்னேன். அது அவர்கள்மேல் படாமல் எங்கேயோ விழுந்தது.

அந்த நேரத்தில்தான் அவள் தேடி வந்த மனிதர் தலையில் புல்கட்டோடு மேலிருந்து இறங்கி வந்தார். இத்தனை பேரைப் பார்த்து விழித்தார். "என்ன கூட்டம்?"

"நீ செத்துட்டேன்னு வந்தோம்" என்றாள் அவர் மனைவி.

"அதுக்குள்ளயா?" என்றார் அவர்.

அவள் ஒரு கல்லை எடுத்து அவர் காலடியில் எறிந்தாள். பிறகு சிரித்தாள். என் தோழிகளும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

ஓடை தெளியும்வரை அந்த வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை. மேட்டைத் தாண்டி வேறொரு ஊற்று இருந்தது. தோழிகள் ஆளுக்கொரு குடம் வாங்கிக்கொண்டு போனார்கள். நானும் கையை நீட்டினேன். குடத்தை அந்தப் பெண் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நீ வேண்டாம் புள்ள. உன் கையி அப்பிடி இருக்கு."

என் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. தாவணிக்குள் மறைத்தால் தாவணி சிவந்தது. ஓடையில் கழுவ முடியாது. மற்றவர்கள் குடத்தோடு போய்ப் போய் வர, நான் கூடாரத்துக்கு முன்னால் குற்றவாளியைப் போல நின்றேன்.

திரும்பி வந்த மேடம் குட்டையைப் பார்த்தார். யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். "எந்த ஊருன்னு காட்டிட்டே" என்றார். அவ்வளவுதான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த வாக்கியத்துக்குள் அப்பாவும் அம்மாவும் எங்கள் தெருவும் புளியங்காய்க்குப் பந்தயம் கட்டிய பிள்ளைகளும் மொத்தமாக நின்றுகொண்டிருந்தார்கள். கூட வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர்தான். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

சட்டைகளை ஓடைக்குத் தள்ளி வெயில் பாறையில் பரப்பினேன். யாரும் அவற்றைப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பாறை ஏறினோம். கயிற்றை இடுப்பில் கட்டும்போது இனி எனக்கு அந்த இடம் இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஏறினேன். பிடிமானம் தேடி உயரே நீட்டும்போதெல்லாம் பாறைக்கு முன்னால் என் சிவந்த விரல்கள்தான் கண்ணில் பட்டன. அவற்றைப் பார்க்காமல் இருக்க வேண்டுமானால் அடுத்த பிடிக்குப் போக வேண்டும். அப்படியே போய்க்கொண்டிருந்தேன். உச்சிக்கு வந்ததே தெரியவில்லை. மேலே காற்று அடித்தது. காடு முழுக்கக் கீழே கிடந்தது. ஓடை எது என்று மரங்களின் பச்சையை வைத்துக் கண்டுபிடித்து, அது போகும் வழியிலேயே பார்வையை விட்டேன். கிழக்கே சமவெளி வெறும் தூசி மூட்டமாக இருந்தது. அதற்குள் எங்கேயோ எங்கள் ஊர்.

கீழே அந்தப் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றாள். "ஏறுறது நல்லாத்தான் ஏறுது" என்று பக்கத்தில் இருந்தவளிடம் அவள் சொன்னது, அந்த அமைதியில் மேலே வரைக்கும் கேட்டது.

மாலையில் பயிற்சியாளர் அந்த இடம் எனக்கு என்றார். ஏறியதை வைத்துத்தான் முடிவு, வேறு எதையும் வைத்து அல்ல என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். மடத்துக்குளத்துத் தோழி விலாவில் இடித்தாள். "வாங்கினதுதான் வாங்கினே, கொஞ்சம் சிரிச்சுத்தான் தொலையேன்டி."

இறங்கும்போது குடியிருப்பின் அருகே அந்தப் பெண் வழியை மறித்தாள். என் தோளில் இருந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "துணி கெட்டியா இருக்கு. குளிருக்கு ஆகும். ஒண்ணு குடேன்."

"சாயம் போகுமுங்க" என்றேன்.

"போகட்டும். நான் அதை ஓடையில போட மாட்டேன்."

அவள் சொன்னதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். தன்மேல் வைத்து அளவு பார்த்துக்கொண்டே போய்விட்டாள்.

ஊரில் பஸ் நிற்கும் இடத்தில் அப்பா சைக்கிளோடு காத்திருந்தார். எனக்குத்தான் இடம் கிடைத்தது என்றதும், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஆளிடம், "எம்புள்ளைங்க. பனிமலைக்குப் போகுதுங்க" என்றார். அந்த ஆள் டம்ளரோடு எழுந்து என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மூட்டையைக் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தோம். "சட்டையெல்லாம் அளவு சரியா இருந்துச்சா? சாயம் நின்னுச்சா கண்ணு?"

நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டால் முடிந்திருக்கும். அவர் அதைக் கேட்கத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். ஆனால் என் விரலிடுக்கில் இன்னும் சிவப்பு இருந்தது. பாலத்துக்கு வருமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாணிக்கூடை, அரிவாள், குடத்தை இழுத்துக்கொண்டது, மேடம் சொன்னது எல்லாம்.

அப்பா பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினார். மேடத்தின் பேச்சுக்குக் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"தண்ணி செவந்து வருதுன்னு பாத்த ஒடனே மேல ஓடியாந்தாங்களா?"

"ஆமாங்கப்பா."

"யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டு?"

"ஆமாங்க."

கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "நமக்கு ஒரு நாளும் அப்பிடித் தோணலையே சாமி" என்றார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "அப்பிடித் தோணி மேல ஓடினாலும் யாரைப் போயிக் கேக்கறது? அங்க கம்பெனியில நாந்தானே உக்காந்து தெச்சுட்டிருப்பேன்."

அவர் ஆற்றை எட்டிப் பார்த்தார். தூரத்திலிருந்தே அதன் நிறத்தைச் சொல்லிவிடக் கூடியவள் நான். அன்றைக்கு அவர் பக்கத்திலேயே நின்றும் எட்டிப் பார்க்கவில்லை.