ஜேர்மனியிலிருந்து கொண்டுபோன பெக்கிங்

நான் குடியிருக்கும் ஜேர்மன் சிற்றூரில், காலை ஆறரை மணிக்கு ஒரு மனிதன் தன் காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தால், அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: அவனுடைய பூனை காணாமல் போயிருக்கிறது. அடுத்த வீட்டு ஃபிராவ் கெல்லர் அப்படித்தான் முடிவு செய்திருந்தார். மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் பாலோடு வந்து, "என்ன நிறம்?" என்று கேட்டார். நான் தேடிக்கொண்டிருந்தது எண்ணெயை. ஆகவே "கறுப்பு" என்றேன். "ரொம்ப வயதானதா?" என்றார். "மாற்றிப் பல மாதமாகிறது" என்றேன். அவர் முகத்தில் ஒரு கலக்கம் தெரிந்தது. மறுநாள் எங்கள் தெரு மின்கம்பத்தில் ஓர் அறிவித்தல் தொங்கியது. காணவில்லை, கறுப்புப் பூனை, உரிமையாளர் மிகுந்த மனவேதனையில் இருக்கிறார். பூனையைத் தவிர மற்றதெல்லாம் உண்மை.

இங்கே நான் ஓட்டும் காருக்கு ஒரு குறையும் இல்லை. ஒழுகிக்கொண்டிருந்தது வேறு கார். அது இலங்கை மலையகத்தில், லிந்துலையில், என் நண்பன் லோகநாதனின் கராஜுக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது. "ஒயில் திரும்பச் சாடையா கசியுது மச்சான், பயப்படாத" என்று லோகு வட்சப்பில் அனுப்பியிருந்தான். பயப்படாதே என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே தொடங்கும். ஒழுகும் காருக்கு அடியில் பார்க்க வழியில்லாததால், ஒழுகாத காருக்கு அடியில் தினமும் பார்த்தேன். வைத்தியர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். என் மனைவி விஜி வைத்த பெயரை அச்சில் போட முடியாது.

ஒரு பழைய ஜப்பான் காருக்கா இவ்வளவு பதற்றம் என்று கேட்பவர்களுக்கு, அதிலும் சொந்தக் காணியில் பிறந்தவர்களுக்கு, ஒன்று சொல்ல வேண்டும். நான் பிறந்த லயக் காம்பிரா, வரிசை வீட்டின் அந்த ஒற்றை அறை, தேயிலைத் தோட்டத்துடையது. வாசலில் இருந்த அந்த எட்டடி முற்றமும் தோட்டத்துடையது. அம்மா கொழுந்து பறித்த மலை, அப்பா கவ்வாத்து வெட்டிய மலை, கடைசியில் இருவரையும் புதைத்த மேடு, எல்லாமே தோட்டத்துடையவை. அந்த நாட்டில் என் பெயர் எழுதப்பட்ட ஒரே பொருள் அந்த வெள்ளைக் கார்தான். வண்டிப் புத்தகத்தில் மேலே என் பெயர், கீழே எஞ்சின் இலக்கம். மற்றவர்கள் வீட்டில் காணி உறுதியை வைக்கும் இடத்தில், ஜேர்மனியில், என் கடவுச்சீட்டுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறது. நான்கு டயர் பூட்டிய காணி அது.

லோகுவும் நானும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பிராவில் வளர்ந்தவர்கள். நடுவில் ஒரு சுவர்; அதுவும் கூரை வரை போகாத சுவர். அவன் வீட்டுக் கருவாட்டு வாசனையில் எங்கள் வீட்டில் வெறும் சோறு சாப்பிட்டிருக்கிறேன். அவன் ஹட்டனில் ஒரு கராஜில் வேலை பழகி லோகு பாஸ் ஆனான். கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் காரை வாங்கி வாடகைக்கு ஹயர் ஓட்டினேன். கல்யாணப் பெண்ணையும், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணியையும், சில சமயம் பத்து மாத இடைவெளியில் ஒரே பெண்ணையும் ஏற்றிப் போயிருக்கிறேன். கார் இருமினால் லோகு மருந்து கொடுப்பான். வெளிநாடு கிளம்பிய அன்று சாவியை அவன் கையில்தான் வைத்தேன்.

"வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் போடு மச்சான். அடுத்த வருசம் வந்துருவேன்."

"நீ போடா. நீ வர்ற வரைக்கும் இது என் புள்ள மாதிரி."

அடுத்த வருடம் என்பது ஐந்து வருடமானது. ஊருக்குப் போன அந்த முதல் பயணத்தில் கார் பூப்போல ஓடியது. இரண்டாவது பயணத்தில்தான் கொட்டகைத் தரையில் ஒரு கறுப்பு வட்டத்தைப் பார்த்தேன். லோகு உடனே அடியில் படுத்தான். எண்ணெய்த் தொட்டியை எஞ்சினோடு பொருத்தும் இடத்தில் ஒழுகாமல் அடைக்க வைக்கிற பெக்கிங் போய்விட்டது என்றான். எங்கள் பக்கத்தில் இதைக் கடையில் பெட்டியோடு வாங்குவது அபூர்வம். பெக்கிங் தாளை இரும்பு விளிம்பின் மேல் விரித்து, சின்னச் சுத்தியலால் ஓரமாகத் தட்டிக்கொண்டே போனால், விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டிக் கொடுக்கும். எந்த இரும்பின் மேல் வைத்துத் தட்டினாலும் அந்த இரும்புக்கே அளவெடுத்த சட்டைபோல் வந்துவிடும். அவன் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், மடையன் மாதிரி.

மூன்றாவது பயணத்தில் ஒழுக்கு பின்பக்கம் வந்திருந்தது. கியர் பெட்டியை இறக்கி, ஒயில் சீல் மாற்ற மூன்று நாள். நான் டோர்ச் பிடித்தேன், ஸ்பானர் சாவிகளை எடுத்துக் கொடுத்தேன், வாளியில் விழும் ஒவ்வொரு சொட்டுக்கும் "ஐயோ" என்றேன். அடியிலிருந்து லோகுவின் குரல் வரும்: "பாவம்டா ஒன் காரு. வயசாகிப் போச்சு, நம்மள மாதிரி." நானுஓயா ஏற்றத்தில் கார் முனகியபோதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஜேர்மன் ரொட்டி தின்று நான்தான் பருத்துவிட்டேன் என்று நினைத்து, இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன்.

இந்த முறை விஷயம் பெரிது. இங்கே நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் எங்களைப் போன்ற பழைய ஆட்களை மரியாதையாக வெளியே அனுப்பும் வேலை தொடங்கியிருந்தது. மகள் வளர்ந்து தன் வழியைப் பார்த்துக்கொண்டாள். ஊருக்கே திரும்பிவிட்டால் என்ன, பழையபடி ஹயர் ஓட்டினால் என்ன என்று விஜியிடம் கேட்டேன். அவள் டிக்கோயாக்காரி. கனவைக் கூட உதறி மடித்துத்தான் வைப்பாள்.

"மொதல்ல அந்தக் கார் நுவரெலியா வரைக்கும் ஒழுகாமப் போய்ட்டு வரட்டும். அப்புறம் நாம போறதப் பத்திப் பேசுவோம்."

இந்த முறை கசிவு மறுபடியும் எண்ணெய்த் தொட்டிப் பக்கம். ஆக, எங்கள் மிச்ச வாழ்க்கை ஒரு பெக்கிங்கில் வந்து நின்றது. கையால் வெட்டிய தாளை நம்பியது போதும் என்று இங்குள்ள ஓர் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எஞ்சின் இலக்கம் கேட்டார். புத்தகத்தைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். அவர் கணினியை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கார் எங்கே நிற்கிறது?" என்றார். "மலை மேலே" என்றேன். "இழுத்து வர வண்டி அனுப்பட்டுமா?" "கடல் இருக்கிறது" என்றேன். ஒரு கணம் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் ஆறு வாரத்தில் பெக்கிங் வந்தது, ஜப்பானில் செய்தது, இலக்கம் ஒட்டிய உறையில். அதை என் உள்பனியன்களுக்கு நடுவில், மடங்காமல், ஒரு குழந்தையின் எக்ஸ்ரே படத்தைப்போல எடுத்துப் போனேன்.

லிந்துலையில் மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. லோகுவின் மனைவி மலர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் பெருமையோடு உறையை நீட்டினேன். லோகு வாங்கவில்லை. கையைத் துணியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான்.

"எதுக்கு மச்சான் இவ்வளவு தூரம்? நான் இங்கயே வெட்டி வச்சிருப்பேன்ல."

"நீ வெட்டினதுக்குப் பொறகும் ரெண்டு தடவ ஒழுகிருச்சு. இது நம்பர் பாத்து வாங்கினது. நீ தள்ளு, நானே வைக்கிறேன்."

பழைய எண்ணெயை வடித்து, தொட்டியைக் கழற்றி, முதன்முறையாக நானே காருக்கு அடியில் படுத்தேன். பெக்கிங்கை மேலே வைத்துப் பிடித்தேன். முன்பக்கத்துத் துளைகள் சரியாக வந்தன. பின்பக்கம் ஒரு விரல் தள்ளிப் போனது. திருப்பி வைத்தேன். இப்போது பின்பக்கம் சரி, முன்பக்கம் போனது. கவிழ்த்து வைத்தேன். உடனே எனக்கு ஜேர்மனியின் மேல் கோபம் வந்தது. ஒழுங்கு, துல்லியம் என்று பெயர் வாங்கிய தேசம் ஒரு தோட்டத்தானை ஏமாற்றிவிட்டதே என்று மல்லாந்து கிடந்தபடியே இரு மொழிகளில் திட்டினேன். கடைக்காரனை, அவன் கணினியை, ஃபிராவ் கெல்லரைக்கூட விடவில்லை. என் முகத்தில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே யாரும் சிரிக்கவில்லை. நான் விழுந்தாலே சிரிப்பவன் லோகு. அப்போதுதான் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் தட்டியது.

வெளியே வந்து, லோகுவின் துணியை அவன் கையிலிருந்தே பிடுங்கி, எஞ்சினின் பக்கவாட்டில் அழுக்கைத் துடைத்தேன். இலக்கம் மெல்ல மெல்லத் தெரிந்தது. கூடவே கொண்டுவந்திருந்த வண்டிப் புத்தகத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தேன். முதல் எழுத்தே வேறு. அந்த நொடியில் என் மூளை செய்த வேலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இவ்வளவு நாளும் நான் வேறு யாருடைய காரையோ சொந்தம் கொண்டாடுகிறேன், பொலிஸ் வரப்போகிறது, ஓடிவிடு என்றது. திருடு கொடுத்தவன் நான். ஓட நினைத்தவனும் நான்.

"இது என் எஞ்சின் இல்ல" என்றேன்.

லோகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மலர்தான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஆமாண்ணே. வேன்ல இருக்கு."

கராஜுக்கு முன்னால் நிற்கும் அவனுடைய ஹயர் வேன். அதே கம்பெனியின் வேன். என் முதல் பயணம் முடிந்த அடுத்த மழைக்காலத்தில் வேனின் எஞ்சின் படுத்துவிட்டதாம். என் காரின் எஞ்சினைக் கழற்றி வேனில் வைத்து, வேனின் தேய்ந்த எஞ்சினை என் காரில் பூட்டியிருக்கிறான். வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிபோல் இருக்கும். தேய்ந்த எஞ்சினுக்குள் காற்று அடைபட்டு எண்ணெயை வெளியே தள்ளும். ஒரு வழியை அடைத்தால் மறுவழி தேடும். அது ஒழுகும் என்று அவனுக்கு முதல் நாளே தெரியும்.

"வேன் நின்னா எங்க அடுப்பு நின்னுரும்ணே" என்றாள் மலர். "ஒங்க காரு சும்மா கெடந்துச்சு. உள்ள கோழி முட்டை வச்சுச்சு. நாந்தான் மாத்தச் சொன்னேன். இவரு ரெண்டு நாளு சாப்புடல."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

லோகு அப்போதுதான் தலை நிமிர்ந்தான். "குடுத்திருப்ப. அதாண்டா கேக்கல. எப்புடிக் கேக்குறது? நீ இனி வரமாட்ட, எஞ்சின எடுத்துக்கவான்னா? ஒவ்வொரு தடவயும் அடுத்த வருசம் வந்துருவேன், அடுத்த வருசம் வந்துருவேன்னு சொல்லிட்டு ஏறிப் போற. நானும் சரின்னு தலயாட்டுறேன். ஒன் மொகத்தப் பாத்து அதச் சொல்ல எனக்கு வாய் வரல."

"அப்ப போன தடவ மூணு நாளு அடியில கெடந்தியே? பாவம்டா ஒன் காருன்னியே?"

எஞ்சின் போனதை நான் தாங்கியிருப்பேன். பசிக்கு எடுத்தான் என்று என்றாவது ஒருநாள் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எல்லாம் தெரிந்துகொண்டே அவன் அந்த எஞ்சினுக்கு அடியில் படுத்து எனக்காக உச்சுக்கொட்டியதையும், நான் டோர்ச் பிடித்துக்கொண்டு அவன் முதுகு வலிக்குமே என்று கவலைப்பட்டதையும் எந்தக் கணக்கில் வைப்பது? எங்களுக்கு நடுவிலிருந்த சுவர் கூரைவரை போனதில்லை என்று இத்தனை நாள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவந்தவன் நான். எப்போது கட்டி முடித்தான் அதை?

மலர் பெக்கிங்கைத் தூக்கிப் பார்த்தாள். அவள் மனதில் கள்ளமில்லை. "அப்போ இது நம்ம வேனுக்குச் சரியா வருமில்லண்ணே?"

வரும். அச்சொட்டாக வரும். லோகுவின் வேனுக்காக ஜேர்மனியில் அலைந்து, ஆறு வாரம் காத்திருந்து, உள்பனியனில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறப்போனதால் இருமினேன். பெக்கிங்கை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடியும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். அற்பத்தனம்தான். அந்த நேரத்தில் என்னிடம் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றிரவு விஜிக்கு போனில் சொன்னேன். "சாப்புட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நாங்கள் ஊருக்கே திரும்பிவிடுவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்படித்தான் அந்தப் பேச்சு முடிந்தது.

நாலு நாள் கழித்துக் கிளம்பியபோது பஸ்ஸில்தான் போவேன் என்று வீம்பாகச் சாலையில் நின்றேன். இரண்டு பஸ்கள் உள்ளே நிற்கக்கூட இடமில்லாமல் போயின. மழை பிடித்தது. ஹட்டனில் ரயிலைத் தவறவிட்டால் விமானத்தையும் விட வேண்டியதுதான். லோகுவின் வேன் வந்து நின்றது. பின்னால் ஆஸ்பத்திரிக்குப் போகும் நாலைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முன் இருக்கை மட்டும் காலி. நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் ஹோர்ன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. இறங்கி வந்து என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். பெட்டி போன பிறகு வீம்பை மட்டும் மழையில் நனைய விட்டு என்ன செய்வது? ஏறினேன்.

அந்த வகை வேன்களில் எஞ்சின் முன் இருக்கைக்கு அடியில்தான் இருக்கும். ஆகவே நான் என் எஞ்சினின் மேல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சூடு ஏறிவந்தது. குளிரில் விறைத்திருந்த உடம்புக்கு அது இதமாக இருந்ததை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரு முனகல் இல்லை. எந்த வளைவில் எப்படி மூச்சு வாங்கும் என்று எனக்கு மனப்பாடமான அதே சத்தம்.

பின்னாலிருந்து ஓர் அக்கா கேட்டார்: "முன்னுக்கு இருக்கிறவரு யாரு லோகு, கொழும்பு ஆளா?"

லோகு கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னான்: "இல்லக்கா. நம்ம தோட்டம்தான்." கொஞ்சம் விட்டு, "வெளிய இருக்காரு" என்றான். என்னை அவன் 'அவரு' என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வருசம் வந்துருவேன் என்று நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. தலவாக்கலையைத் தாண்டி ஏற்றம் வந்தது. லோகு கியரை இறக்கினான். பயணியின் பக்கத்தில் கால் வைக்கும் இடத்தில் கிழிந்த ரப்பர் விரிப்புதான் இருந்தது, மிதிக்க அக்சிலேட்டர் இல்லை. இருந்தும் அந்த ஏற்றம் முழுவதும் என் வலது கால் அதை அழுத்தி மிதித்துக்கொண்டே வந்தது.